சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்: ஸ்கூட்டர் பழுது தந்த அனுபவம்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததோடு, ஸ்கூட்டர்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்து, சென்சார்கள் தரும் அளவை வைத்துக் கணினியே பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை வந்துவிட்டது. முன்பெல்லாம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஜெட்டைக் கழற்றி ஊதி, காற்றுத் திருகை அரைச் சுற்றுத் திருப்பிப் பார்த்த மெக்கானிக்குகள், இப்போது ஸ்கேனரைச் சொருகி, அதில் வரும் பிழைக் குறியீட்டைப் படித்து, அதில் எந்தச் சென்சாரின் பெயர் இருக்கிறதோ அதை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பிறகும் கோளாறு தீராமல், அடுத்த சென்சார், அதற்கடுத்து காற்று போகும் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி, கடைசியில் வண்டியின் கணினியான இசியு என்று பில் நீண்டுகொண்டே போன கதைகளை எங்கள் தெருவிலேயே நிறையக் கேட்டிருக்கிறேன்.

மணலியில் ஓர் ஆலையில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெப்பமானி தவறாகக் காட்டுகிறது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தால், நாங்கள் வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு உட்கார மாட்டோம். வரவேண்டிய மின்சாரம் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, முனையத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியின் மேல் கை வைப்போம். ஸ்கூட்டரின் சென்சார்களுக்கும் இதே வரிசைதான் பொருந்தும். அதிலும், கடற்காற்று வீசும் சென்னையில், ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் தெருத் தண்ணீரில் வண்டி ஓட்ட வேண்டிய நிலையில், சென்சாரைவிட அதன் கப்ளரும் (வயரைச் சொருகும் இணைப்பு) வயரும்தான் முதலில் கெடுகின்றன.

பிழைக் குறியீடு என்பது என்ன என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இசியு சென்சாரைப் பார்ப்பதில்லை; ஒரு வயரில் தனக்கு வந்து சேரும் வோல்டேஜை மட்டுமே பார்க்கிறது. அந்த வோல்டேஜ் இருக்கவேண்டிய எல்லையைத் தாண்டினால், "இந்தச் சுற்றில் வோல்டேஜ் அதிகம்" அல்லது "குறைவு" என்று பதிவு செய்துகொள்கிறது. சென்சார் கெட்டாலும், வயர் அறுந்தாலும், கப்ளருக்குள் தண்ணீர் புகுந்தாலும், எலி கடித்தாலும் அதே குறியீடுதான் வரும். வண்டி தன் கோளாறைத் தானே கண்காணிக்கும் ஓ.பி.டி. முறையில் 2020இல் கட்டாயமான முதல் கட்டம், பெரும்பாலும் சுற்று அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்பதை மட்டுமே கண்காணித்தது. சென்சார் தரும் அளவு நம்பத்தக்கதுதானா என்று ஆராயும் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில்தான் இருசக்கர வாகனங்களுக்கு வந்தது. ஆகவே 2020க்கும் 2023க்கும் இடையில் வாங்கிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோளாறைக் காட்டும் எச்சரிக்கை விளக்கான செக் லைட் எரியவில்லை என்பதால் சென்சார்கள் எல்லாம் உண்மையைச் சொல்கின்றன என்று ஆகிவிடாது.

என் 110 சிசி ஸ்கூட்டரில் நடந்தது சரியாக இதுதான். நான் குடியிருப்பது திருவொற்றியூரில், கடலுக்கு அருகில். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஃபுட்போர்டு வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு வண்டி ஓடியது. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங் ஏறி இறங்கியது, சைலன்ஸரிலிருந்து பெட்ரோல் வாடை அடித்தது, மைலேஜ் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி பூசியது போல் கறுத்திருந்தது. பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அப்போதும் செக் லைட் எரியவில்லை. சில வாரங்கள் கழித்து, மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் விளக்கு எரிந்து அணையத் தொடங்கிய பின்தான் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஸ்கேனரைப் போட்டவர் இன்ஜின் வெப்பச் சென்சாரின் குறியீட்டைக் காட்டி, "சார், ஹை இன்புட்னு காட்டுது. இன்ஜின் ஓவர் ஹீட் ஆகுது. சென்சாரும் போயிருக்கு. த்ராட்டில் பாடியையும் சேர்த்து மாத்திட்டா அப்புறம் பிரச்சினையே வராது" என்றார். மதிப்பீட்டுச் சீட்டில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் உள்ள குழப்பம் பரவலானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்ஜின் வெப்பச் சென்சாரும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பச் சென்சாரும் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தவை. இசியு தனக்குள் இருக்கும் ஒரு நிலையான மின்தடை வழியாக ஐந்து வோல்ட்டைச் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சாரின் மறுமுனை எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்துக்குப் போகிறது. இன்ஜின் சூடானால் சென்சாரின் மின்தடை குறைந்து, வயரில் இசியு பார்க்கும் வோல்டேஜும் குறையும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் வோல்டேஜ் ஏறும். வயர் அறுந்தாலோ கப்ளர் கழன்றாலோ ஐந்து வோல்ட்டும் அப்படியே நிற்கும். இசியுவுக்கு அது இமயமலைக் குளிராகத் தெரியும். ஆகவே வோல்டேஜ் அதிகம் என்ற குறியீடு ஓவர் ஹீட்டைச் சொல்லவில்லை. அதற்கு நேர் எதிராக, சுற்று எங்கோ அறுந்திருக்கிறது அல்லது தொடர்பு தளர்ந்திருக்கிறது என்பதையே அது சொல்கிறது. வோல்டேஜ் குறைவு என்று வந்தால்தான் வயர் எங்கோ எர்த்தில் உரசுகிறதா என்று தேட வேண்டும்.

வீட்டில் சோதனையைத் தொடங்கும்போது எப்போதும் பேட்டரியிலிருந்து தொடங்குவது நல்லது. சாவியை அணைத்த நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.5இலிருந்து 14.5 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து, இல்லாத கோளாறுகளுக்கெல்லாம் குறியீடு பதிவாகும். ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இந்த வேலைகளுக்குப் போதும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து அது காட்டும் மின்தடையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர் வயர்களே ஓரிரு ஓம் காட்டுவதுண்டு.

அடுத்து, சாவியை அணைத்துவிட்டுப் பேனலைக் கழற்றி, வெப்பச் சென்சாரின் கப்ளரைப் பிரித்தேன். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது; பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு கப்ளரின் உடலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். உள்ளே பார்த்தால், இரண்டு முனைகளில் ஒன்று பளபளப்பாகவும் மற்றொன்றின் மேல் பச்சைக் களிம்பு படர்ந்தும் இருந்தது. ரப்பர் சீல் ஓரிடத்தில் மடிந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போன வழி அதுதான்.

களிம்பைப் பார்த்ததுமே துடைத்துவிட்டு மூடிவிடலாம்தான். ஆனால் அளந்து பார்க்காமல் துடைத்தால் உண்மையான காரணம் அதுதானா என்பது கடைசி வரை தெரியாது. காலை நேரம், வண்டி இரவு முழுவதும் நின்றிருந்தது, வெயில் ஏறாத வேளையில் தாழ்வாரத்து வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருந்தது. சென்சாரின் முனைகளில் நேராக அளந்தால் 1.7 கிலோ ஓம். என் வண்டியில் உள்ள வகைச் சென்சார் 20 டிகிரியில் 2.5 கிலோ ஓமும், 80 டிகிரியில் 300 ஓமைச் சற்றுத் தாண்டியும் காட்ட வேண்டியது. ஆக, 30 டிகிரிக்கு 1.7 என்பது சரியான அளவு. பிறகு கப்ளரைத் திரும்பச் சொருகி, முன்பக்கப் பேனலுக்குள் இருக்கும் இசியுவின் கப்ளரைப் பிரித்து, அந்த முனையிலிருந்து அதே இரண்டு வயர்களை அளந்தேன். நான்கு கிலோ ஓமுக்கு மேல் காட்டியது. சென்சார் பக்கத்துக் கப்ளரை விரலால் அசைத்தால் எண்கள் தாறுமாறாக ஓடின. இடையில் கூடியிருக்கும் இரண்டு கிலோ ஓமுக்கு மேற்பட்ட மின்தடை முழுக்க அந்தப் பச்சைக் களிம்பினுடையது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் எல்லா அறிகுறிகளும் பொருந்திவருகின்றன. நான்கு கிலோ ஓம் என்றால் இசியு அதைப் பத்து டிகிரிக்கும் கீழே என்று புரிந்துகொள்ளும். சென்னையில் மார்கழி விடியலிலும் காணக் கிடைக்காத குளிர் அது. இன்ஜின் நன்றாகச் சூடாகிச் சென்சார் 300 ஓமுக்கு இறங்கினாலும், களிம்பின் மின்தடையும் சேர்ந்து இசியுவுக்கு 20 டிகிரி அளவில்தான் தெரியும். ஆகவே அது "இன்ஜின் இன்னும் சூடாகவில்லை" என்று எண்ணி, குளிர் ஸ்டார்ட்டுக்கு உரிய கூடுதல் பெட்ரோலை நாள் முழுவதும் ஊற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் சூடாகாத நிலையில் புகையைப் பார்த்துப் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சை இசியு கேட்பதில்லை என்பதால் அதன் திருத்தமும் நடக்கவில்லை. 20 டிகிரி என்பது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ள அளவுதானே. அதனால் குறியீடும் வரவில்லை. குலுங்கும்போது தொடர்பு முழுவதுமாக அறுந்த நொடிகளில் மட்டும் விளக்கு எரிந்தது.

சென்சாரின் மேல் இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் வெந்நீர்ச் சோதனை செய்து பார்க்கலாம். சென்சாரைக் கழற்றி, அதன் உலோக முனை மட்டும் மூழ்கும்படி வெந்நீரில் பிடித்துக்கொண்டு, சமையலறை வெப்பமானியையும் அதே தண்ணீரில் வைத்து, தண்ணீர் ஆற ஆற இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டே வர வேண்டும். மின்தடை சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எகிறினாலோ திடீரென்று அறுந்தாலோ சென்சார் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். கப்ளர் முனையில் தண்ணீர் படக் கூடாது. கழற்றும்போது ஆயில் வழியக்கூடும் என்பதால் கீழே பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதை மறந்து முறுக்கினால் மரை கழன்று, சில நூறு ரூபாய் வேலை பெருஞ்செலவாகிவிடும். யூடியூப் சேனலில் பார்த்துவிட்டு நீளமான ஸ்பேனரைப் போட்டு முறுக்குபவர்களுக்கு இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கப்ளரை மாற்றுவதென்று முடிவானது. புதிதாக வாங்கப் போனால் முழு வயரிங்கையும் சேர்த்துத்தான் தருவார்கள். கப்ளர் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது. இதற்குப் புதுப்பேட்டைதான் வழி. உடைத்துப் பிரித்த வண்டிகளின் வயரிங் அங்கே குவியலாகக் கிடக்கும். வேண்டிய கப்ளரை ஒரு சாண் வயரோடு வெட்டித் தருவார்கள். பழைய சென்சாரை அங்கே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அது எவ்வளவு சூட்டையும் தண்ணீரையும் பார்த்தது என்பது யாருக்கும் தெரியாது. கப்ளருக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் முனைகள் பளிச்சென்று இருக்கிறதா, சீல் முழுதாக இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இணைக்கும்போது இரண்டு வயர்களையும் ஒரே இடத்தில் வெட்டாமல், ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் வெட்டி இணைத்தால், பின்னாளில் உறை விலகினாலும் ஒன்றோடொன்று தொடாது. சால்டர் செய்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சுருக்கினேன். வெறும் இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலுக்கு ஒரு கோடையில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் சரிபார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இதற்குச் செலவு கிடையாது, ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று கைவசம் இருந்தால் போதும். பி.எஸ்.6 ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஆறு முனைக் கப்ளர் இருக்கும். காருக்கான பதினாறு முனை ஸ்கேனரை அதனோடு இணைக்கும் வயர் தனியாகக் கிடைக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு அளவுகளைப் படியுங்கள். இன்ஜின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஒன்றையொன்று ஒட்டியும், வெளி வெப்பத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விலகியிருந்தால் அந்தச் சுற்றில்தான் கோளாறு. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், இன்ஜின் ஓடாத நிலையில் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அது 100 கிலோ பாஸ்கலை ஒட்டியிருக்கும். உதகையில் இதே சென்சார் 77ஐ ஒட்டிக் காட்டினால் அதுவும் சரியான அளவுதான். த்ராட்டிலை மெல்லத் திருகினால் அதன் சதவீதம் தடங்கலின்றி ஏற வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு குவளை காப்பி ஆறும் நேரம்கூடப் பிடிக்காது.

வண்டியைப் பிரித்துக் கொடுத்த எங்கள் தெரு மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு, "சார், இத்தினி நாளா எர்ரர் கோடு வந்தா சென்சார்னுதான் நெனைச்சினு இருந்தேன்" என்றார். "தம்பி, சென்சாரும் போகும். அப்ப போச்சுன்னு அளந்து சொல்லணும்" என்றேன். உண்மையிலேயே சென்சார் கெட்ட வண்டியும் பிறகு அவரிடமே வந்தது.

அது என் மைத்துனருடைய ஸ்கூட்டர். தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் பாரிமுனைக்குப் போகிறவர் அவர். காலையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் வண்டி, மதிய வெயிலில் மிண்ட் சிக்னலில் நின்றால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி அரை மணி நேரம் போனால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப், பிளக், பேட்டரி எல்லாம் அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார். சூடானால் நின்று, ஆறினால் ஓடுவது என்பது இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின், அதாவது நம் மெக்கானிக்குகள் பல்சர் காயில் என்று சொல்வதன் குணம். மயிர்க்கனச் செம்புக் கம்பிச் சுற்றில் எங்கோ ஓரிடத்தில் விரிசல் விட்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரிந்துவிடும். இந்தச் சிக்னல் இல்லாவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் திறக்காது. எனவே இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோவது பம்ப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் தடயம்.

இதைச் சோதிக்க வண்டி நின்றுபோன அந்த நேரமே சரியான நேரம். ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஆர்.பி.எம். பூஜ்யத்திலேயே நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறிய நிலையில் காயிலின் மின்தடையை அளந்தால் சில நூறு ஓம். ஹேர் டிரையரால், காயில் உள்ளே இருக்கும் மேக்னெட் மூடியை நன்றாகச் சூடாக்கிவிட்டு அளந்தால் மீட்டர் எல்லையின்மையைக் காட்டியது. இதற்கு மேல் விவாதம் தேவையில்லை. சுருள் வகைச் சென்சாருக்கு மட்டுமே இந்த ஓம் சோதனை பொருந்தும் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரே தனியாக இல்லாமல் மேக்னெட்டே சுற்றிவிடும் புதிய வண்டிகள் சிலவற்றில் சுருள் இல்லாமல் காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகைச் சென்சார் இருக்கிறது. அதற்கு ஐந்து வோல்ட், எர்த், சிக்னல் மூன்றையும் வோல்டேஜாகத்தான் அளக்க வேண்டும். காயிலை மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன். மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே காந்தம் விண்டுபோகும்.

எலித் தொல்லைக்குத் தனியாக ஒரு பத்தி கொடுக்கலாம். பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள நிறுத்தத்தில் நின்ற ஒரு வண்டியில் த்ராட்டில் சென்சார், மேப் சென்சார் இரண்டுக்கும் ஒரே நாளில் குறியீடு வந்தது. இரண்டு சென்சார்கள் ஒரே இரவில் கெடுவது அபூர்வம். ஆனால் இரண்டுக்கும் ஐந்து வோல்ட் தரும் வயர் ஒன்றுதான். அந்த வயரில் மீட்டரை வைத்தபடி கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால், எதைப் பிரிக்கும்போது ஐந்து வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சார்தான் ஷார்ட். எல்லாவற்றையும் பிரித்த பிறகும் திரும்பாவிட்டால் வயரில்தான் கோளாறு. அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் வயரின் உறையை எலி கொறித்து, செம்பு ஃப்ரேமில் பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சென்சார்களும் சேர்ந்த த்ராட்டில் பாடியை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

த்ராட்டில் சென்சாரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூடிய நிலையில் அரை வோல்ட்டை ஒட்டியும், முழுக்கத் திறந்தால் நான்கு வோல்ட்டைத் தாண்டியும் இருப்பது பொதுவான வழக்கம்; மெல்லத் திருகும்போது நடுவில் விழுந்து எழுந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பிடித்திருக்கும் திருகுகளில் பெயிண்ட் புள்ளி இருந்தால் தொடாதீர்கள். ஆலையில் நிர்ணயித்த நிலை அது, பல மாடல்களில் இதைத் தனியாக விற்பதும் இல்லை.

ஆக்ஸிஜன் சென்சார்தான் எல்லோரும் அவசரப்பட்டு மாற்றுவது. சைலன்ஸர் குழாயில் அமர்ந்து, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்வது அது. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடான பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதன் பின் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்காமல் கீழேயே கிடந்தால் சென்சார் கெட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது. சைலன்ஸர் கேஸ்கெட் ஊதிக்கொண்டிருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஆக்ஸிஜன் அதிகம் என்று சென்சார் உண்மையாகவே சொல்லும்; அதை நம்பி இசியு பெட்ரோலைக் கூட்டும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புத் தடம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் சூடாக ஓடும்போது ஏர் ஃபில்டர் வாயை நொடிப்பொழுது பாதி மூடினால் பெட்ரோல் விகிதம் கூடி வோல்டேஜ் ஏற வேண்டும். ஏறினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. சிக்னல் வயரில் ஓம் அளவை வைத்துச் சோதிக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரமே அதைக் கெடுத்துவிடக்கூடும். ஹீட்டர் உள்ள வகையில் ஒரே நிறமுள்ள இரண்டு வயர்கள் பெரும்பாலும் ஹீட்டருக்கு உரியவை. அவற்றை மட்டும் ஓமில் அளக்கலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை சேதமாகாது. புதியதன் மரையில் மட்டும் சூடு தாங்கும், மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்ட்டி சீஸ் பசையைத் தடவ வேண்டும். துளைகள் உள்ள முனையில் ஒரு துளியும் படக் கூடாது. சிலிகான் கேஸ்கெட் பசையைப் புகை வழியில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி சென்சாரின் மேல் படிந்து அதைக் குருடாக்கிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வாங்கும்போது பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோய், அதில் பொறித்திருக்கும் எண், வயரின் நீளம், கப்ளரின் வடிவம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதான், பொருந்தும்" என்ற பேச்சை மரைக்கு வேண்டுமானால் ஏற்கலாம். உள்ளே உள்ள அளவுகளுக்கு ஏற்க முடியாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் எதையும் வெட்டி இணைக்க வேண்டாம். அளந்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேள்வி கேளுங்கள். பேச்சின் தொனியே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

வண்டி சாய்ந்து விழுந்த பின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது பதறினால், சாவியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். சாய்வுச் சென்சார் உள்ள மாடல்களில் அது இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை அணைத்துத் திரும்பப் போடும் வரை ஸ்டார்ட் ஆக விடாது.

மழைக்காலத்துக்கு முன்னால், புரட்டாசியிலேயே செய்துவிட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கைக்கு எட்டும் கப்ளர்களைச் சாவி அணைத்த நிலையில் பிரித்து, எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சீல் ரப்பரின் மேல் மெல்லிய பூச்சாக, மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவிப் பூட்டு நாக்கு சொடுக்கென்று விழும் வரை சொருக வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரின் கப்ளருக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த வயர் வழியாகவே இழுக்கின்றன. வோல்டேஜ் பார்ப்பதற்காக வயரின் உறையில் ஊசியைக் குத்தும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்த ஊசித் துளை வழியாக உப்புக் காற்று போய் உள்ளே செம்பு பச்சையாகி, அடுத்த ஆண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறாக வரும். கப்ளரின் பின்புறமாக, வயரை ஒட்டி மெல்லிய குண்டூசியைச் செருகி அளப்பதே சரி. வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், பேனல் இடுக்குகளில் அழுத்தத் தண்ணீரை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். கடைசியாக, இன்ஜினிலிருந்து ஃப்ரேமுக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த போல்ட்டிலோ அதன் வயரிலோ இன்னும் துரு மிச்சமிருக்கிறது.